ஷார்ஜாவில் பூட்டிக்கொண்ட கார்டும் போடிமெட்டு ஜீப்பும்

போன வாரம் ஓய்வூதிய வேலையாக நம் பேங்க் கிளைக்கு வந்தபோது, அந்நியச் செலாவணிக் கவுண்டருக்கு எதிரே கிடந்த நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். துபாயில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகிற ஒரு பெரியவரிடம், இப்போது அந்தக் கவுண்டரைப் பார்க்கிற உங்களில் ஒருவர், "இந்த ஒரு கார்டு போதுங்கய்யா, கையில காசே வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். யார் என்று சொல்ல மாட்டேன், முகம் சிவக்க வேண்டாம். பெரியவரும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து வந்து காதைத் திருகியிருப்பேன். ஓய்வு பெற்றவளுக்கு அந்த அதிகாரம் கிடையாது என்பதால் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கார்டை நான் குறை சொல்லவில்லை. பர்ஸ் தொலைந்தாலும் ஒரு போன் போட்டு அதை முடக்கிவிடலாம், பணம் பத்திரமாக இருக்கும். ஆனால் வெளிநாட்டுக்குப் போகிற நம் ஆட்கள் பெரிய கடைகளில் மட்டுமா செலவு செய்கிறார்கள்? பஸ்சுக்கு வேண்டும், டீக்கு வேண்டும், தாகத்துக்கு ஒரு பாட்டில் தண்ணீர் வேண்டும். அதற்கு அந்த ஊர்ப் பணம் சின்ன நோட்டுகளாகக் கொஞ்சம் கையில் இருக்க வேண்டும். முடிந்தவர்களுக்கு இன்னொரு கார்டு, வேறொரு பையில். கடைக்காரரின் மெஷின் ரூபாயில் கழிக்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அந்த ஊர்ப் பணத்திலேயே கழிக்கச் சொல்ல வேண்டும். அந்நிய மண்ணில் ரூபாய் என்ற பேரைப் பார்த்ததும் நம் ஆட்கள் சொந்தக்காரனைக் கண்டதுபோல் மயங்கிவிடுவார்கள், மாற்று விகிதத்தில் கையைக் கடிக்கும். இதெல்லாம் உங்கள் பயிற்சியிலேயே சொல்லியிருப்பார்கள். அதில் சொல்லாத ஒன்றை ஈஸ்வரியை வைத்துச் சொல்கிறேன்.

ஈஸ்வரி போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுக்கிறவள். தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டிலேயே, குடியிருப்பு. கணவன் தங்கவேல் ஷார்ஜாவில் கட்டட வேலை பார்த்தான். ஒரு நாள் சாரத்திலிருந்து விழுந்துவிட்டான். தலையில் அடி. உயிர் பிழைத்துக்கொண்டான், ஆனால் மூக்கில் குழாய் வைத்துத்தான் ஆகாரம் உள்ளே போனது. வாயால் விழுங்க ஆரம்பித்தால்தான் விமானத்தில் ஏற்றி ஊருக்கு அனுப்ப முடியும் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். அதற்கு எத்தனை நாளாகும் என்று யாருக்கும் தெரியாது. வீட்டு மனுஷர் ஒருவர் பக்கத்தில் இருந்து பேச்சுக் கொடுத்தால் சீக்கிரம் தேறலாம் என்றார்கள்.

ஆஸ்பத்திரிச் செலவும் விமானச் சீட்டும் கம்பெனி பொறுப்பு. அங்கே போய் இருப்பதும், தின்பதும், அவனுக்கு அன்றாடம் வேண்டியதை வாங்குவதும் ஈஸ்வரியின் பாடு. மதுரையைத் தாண்டியறியாத பெண். தோட்டத்துச் சனங்கள் ஆளாளுக்குப் போட்டுக் கொடுத்த பணத்தை மஞ்சள் பையில் சுருட்டிக்கொண்டு என் கவுண்டருக்கு வந்தாள். சின்ன நோட்டுகளாக அந்த ஊர்ப் பணமான திர்ஹம் கொஞ்சம் கொடுத்து, மீதியை ஒரு பயணக் கார்டில் ஏற்றிக்கொடுத்தேன். இன்னொரு கார்டுக்கு அவளிடம் வழியில்லை. அவசரத்துக்கு என் போன் நம்பரை எழுதிக் கொடுத்து, ரகசிய எண்ணைத் தானே அழுத்திப் பழக வைத்தேன். சமர்த்தாகச் செய்தாள். "காய் எடுக்குற விரலு மேடம், தப்பாது" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

இங்கே மொக்கராசுவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ராசிங்காபுரத்திலிருந்து தினமும் காலையில் நம் ஊர் வழியாகத் தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிப் போய்ச் சாயங்காலம் இறக்கிவிடுகிற ஜீப் டிரைவர். லயத்தில் செல்போன் சிக்னல் கிடையாது. அதனால் அங்கே குடியிருக்கும் குடும்பங்கள் எங்கே போன் நம்பர் கேட்டாலும் மொக்கராசுவின் நம்பரைத்தான் சொல்வார்கள். கேஸ் கம்பெனியில், பள்ளிக்கூடத்தில், ரேஷனில், பேங்கில் எல்லாம் அதே நம்பர். அவர் தோட்டத்தில் போய் இறங்கியதும் போனைக் கையில் வைத்துக்கொண்டு, "பேச்சியம்மா, ஒனக்கு சிலிண்டரு கெளம்பிருச்சு! மாரியக்கா, ஒம்மகனுக்குப் பீசு கட்டலையாம்!" என்று சத்தம் போட்டுப் படிப்பார். மலையில் இது ஒரு ஏற்பாடு, அதில் யாரும் தப்புக் கண்டதில்லை. ஈஸ்வரியின் சேமிப்புக் கணக்கில் இருந்ததும் அந்த நம்பர்தான். கணக்கிலிருந்து கார்டுக்கும் அதுவே ஏறிவிட்டது.

அவள் போய்ச் சில நாள் கழித்து, ஏலக்காய் ஏலம் நடக்கும் ஒரு நாள் காலையில், கவுண்டரில் கூட்டம் நெரியும்போது என் போன் அடித்தது. வெளிநாட்டு நம்பர்.

"மேடம், நான் ஈஸ்வரி. நர்சம்மா போன்ல இருந்து பேசுறேன். அட்டை செத்துப்போச்சு."

தங்கவேலின் போன் அவனோடு விழுந்து நொறுங்கியிருந்தது. வார்டில் இருந்த ஒரு மலையாள நர்ஸிடம் மலையில் கற்ற மலையாளத்தைப் பேசிச் சிநேகம் பிடித்திருக்கிறாள். நடந்ததைத் துண்டு துண்டாகச் சொன்னாள். முந்தாநாள் புருஷனுக்கு டயப்பர் வாங்க மருந்துக்கடைக்குப் போயிருக்கிறாள். பின்னால் வரிசை. ஒரு ஆள் புரியாத பாஷையில் அவசரப்படுத்தியிருக்கிறான். ரகசிய எண்ணைத் தப்பாக அழுத்தி, பதறி மறுபடியும் அழுத்தி, அதற்கு மேலும் அழுத்தி, கார்டு பூட்டிக்கொண்டது. டயப்பரை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். கையில் இருந்த நோட்டும் அதற்கு முந்தின நாளே தீர்ந்துவிட்டது.

"சாப்ட்டியா ஆத்தா?" என்று கேட்டேன்.

"சாப்ட்டேன் மேடம்."

"என்ன சாப்ட்ட?"

"இங்க ஆஸ்பத்திரியில தண்ணி நல்லாருக்கு மேடம்" என்றாள்.

இத்தனை வருஷ சர்வீசில் கவுண்டரில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்தது அன்றைக்குத்தான். கூட இருக்கிறவர்களிடம் கேட்கக் கூடாதா என்று அதட்டினேன். துப்புரவு வேலை பார்க்கும் பெண்கள் தங்கியிருந்த ஒரு அறையில் அவளுக்கு ஒரு படுக்கை கிடைத்திருந்தது. "அவுகளே ரெண்டு நாளாக் குடுத்தாக மேடம். அவுகளும் புள்ளகுட்டிய விட்டுட்டு வந்து பாடுபடுறவுக. தெனமும் எப்பிடிக் கேக்குறது?" என்றாள்.

கார்டுப் பிரிவைக் கூப்பிட்டேன். பூட்டைத் திறந்து புது ரகசிய எண் போட, பதிவு செய்த போனுக்கு ஓடிபி வரும், வேறு வழியில்லை என்றார்கள். நம்பரை மாற்றவோ அவள் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். மொக்கராசுவைக் கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார் என்று அந்தப் பெண் குரல் நிதானமாகச் சொல்கிறது. அவர் மலைமேல் இருக்கிறார். சாயங்காலம்தான் இறங்குவார்.

கவுண்டருக்கு எதிரே நின்றிருந்த ஏலக்காய் வியாபாரி பெருமாள் அண்ணன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனுஷர், இளகிய மனசு. மெதுவாகக் குனிந்து சொன்னார்.

"மேடம், இதுக்குப் போயி ஏன் கலங்குறீக? ஷார்ஜாவுல நம்மகிட்ட காய் வாங்குற ஆளு ஒருத்தரு இருக்காரு. ஒரு போனு போட்டா வெரசா அந்தப் புள்ள கையில திர்ஹம் போயிரும். ரூவாய இங்க என்கிட்ட எப்ப வேணாலும் குடுங்க."

அது எந்த வழி என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பேர் சொல்லவில்லை, அவ்வளவுதான். பேங்க் வழியாகப் போகாமல் அங்கே ஒரு கை கொடுத்து இங்கே ஒரு கை வாங்குகிற வழி. சட்டத்துக்குப் புறம்பானது. அதைத் தடுக்கத்தான் நம்மை இந்த நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள். உங்களிடம் மறைக்கப் போவதில்லை, சரி என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று ஒருத்தி சொல்லும்போது சட்டப் புத்தகத்தைப் பிரித்துப் படிக்க யாருக்கு மனசு வரும்?

அந்த நேரத்தில் எனக்கு எப்படியோ ஒன்று உறைத்தது. இந்தப் பெண்ணுக்கு இப்போது வேண்டியது பணமா? அவளுக்கு வேண்டியது சோறும் ஒரு டயப்பர் கட்டும்தான்.

"அண்ணே, உங்க ஆளு அங்க குடும்பத்தோடயா இருக்காரு?"

"ஆமா மேடம். அவரு சம்சாரம் நம்ம சின்னமனூருப் பக்கம்தான்."

"அப்பப் பணம் வேண்டாம். அந்தம்மாவ ஒரு தூக்குல சோறு கொண்டு போகச் சொல்லுங்க. வழியில ஒரு டயப்பர் கட்டு. பதிலுக்கு இங்க நான் உங்களுக்கு ஒண்ணும் தர மாட்டேன், நீங்களும் அவருக்கு ஒண்ணும் தரக் கூடாது. முடியுமா?"

பெருமாள் அண்ணன் சிரித்துவிட்டார். "சோத்துக்கு மட்டும் ரூல்சு இல்லையாக்கும்?"

"இன்னும் எந்தப் பேங்கும் போடலண்ணே. போடுறதுக்குள்ள வெரசா பேசுங்க."

அங்கேயே நின்று பேசினார். மதியம் என் போன் அடித்தது. "மேடம், ரசஞ்சோறு" என்றாள் ஈஸ்வரி. பின்னால் ஒரு பெண் குரல், "இன்னும் கொஞ்சம் போட்டுக்கத்தா" என்று நம் ஊர்ப் பேச்சில் அதட்டுவது கேட்டது. நான் என் டிபன் பாக்ஸைத் திறந்தது அதற்குப் பிறகுதான்.

பிள்ளைகளே, இதை மனசில் வையுங்கள். வெளிநாட்டில் கையில் காசில்லாமல் நிற்கிறவர் கூப்பிடும்போது பசியும் பணமும் ஒரே பிரச்சினையாகத் தெரியும். பிரித்துப் பாருங்கள். பசிக்கு அந்த ஊரில் யாராவது ஒருவர் சோறு போட முடியும். தங்கும் இடத்துக்காரர், கோயில், நம் ஊர்ச் சங்கம், தூதரகம் என்று யாராவது இருப்பார்கள். அதை முதலில் முடித்துவிட்டால் பணத்தை ஒழுங்கான வழியில் சரி செய்ய உங்களுக்கு நேரம் கிடைக்கும். பதற்றத்தில் எடுக்கிற குறுக்குவழியெல்லாம் அந்த நேரம் இல்லாததால் எடுப்பதுதான்.

சாயங்காலம் ஜீப் ஸ்டாண்டுக்கு நடந்தேன். மொக்கராசு அப்போதுதான் இறங்கி வந்திருந்தார், ஜீப் நிறையப் பெண்கள். விஷயத்தைச் சொல்லி, ஓடிபி வரும், அதைச் சொல்ல வேண்டும் என்றேன்.

"ஓடிபியா? சொல்ல மாட்டேன் மேடம்" என்றார் பட்டென்று.

"என்னப்பா, நான்தானே கேக்குறேன்?"

"நீங்கதான மேடம் சொன்னீக! தோட்டத்து ஆபீசு முன்னாடி எங்களயெல்லாம் உக்கார வச்சு, மைக்கப் புடிச்சு, பேங்க் மேனேசரே வந்து கேட்டாலும் சொல்லாதீகன்னு. நான் கைகூடத் தட்டுனேன்."

ஜீப்பில் இருந்த பெண்கள் சிரித்த சிரிப்பு ஸ்டாண்டு முழுக்கக் கேட்டது. எனக்குக் கோபம் ஒரு பக்கம், பெருமை ஒரு பக்கம். விழிப்புணர்வுக் கூட்டத்தில் நான் தொண்டை கிழியப் பேசியதை ஒரு ஆளாவது காதில் வாங்கியிருக்கிறார். அதிகாரத்தைக் காட்டி மிரட்டியிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பார். ஆனால் நாளைக்கு இன்னொருவன் மிரட்டும்போதும் சொல்லிவிடுவாரே.

"நீ சொல்றது சரிதான். எனக்குச் சொல்லாத. அது ஈஸ்வரி கார்டு, ஈஸ்வரிக்கு வர்ற நம்பரு. அவளே ஒனக்குப் போன் போடுவா. அவகிட்டச் சொல்லு."

"வெளிநாட்டு நம்பரு வந்தா எடுக்காதீகன்னும் சொன்னீகளே?"

"இதை மட்டும் எடு சாமி!" என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

நர்ஸ் நம்பருக்குத் தகவல் சொன்னேன், ஈஸ்வரியின் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார். குரல் கரகரத்தது. மொக்கராசு இன்னும் நம்பவில்லை. "நீ ஈஸ்வரிதான்னா, என் ஜீப்புல சந்தைக்கு வரும்போது எங்குன உக்காருவ, சொல்லு?" என்றார்.

"எங்குன உக்கார? நீ எடம் குடுத்தாத்தான உக்கார்றதுக்கு! ஸ்டெப்னி மேல குத்தவச்சு இடுப்பொடிஞ்சுதான வர்றேன்!"

"அவதாண்ணே, அவளேதான்!" என்று பெண்கள் கத்தினார்கள். ஆளாளுக்குப் போனைப் பிடுங்கி, அண்ணே எப்பிடி இருக்காக, நீ மெலிஞ்சிட்டியா என்று கேட்டு முடிப்பதற்குள் வந்த ஓடிபி காலாவதியாகிவிட்டது. எல்லாரையும் அதட்டி உட்கார வைத்துவிட்டு கார்டுப் பிரிவை மறுபடியும் அனுப்பச் சொன்னேன். மொக்கராசு ஸ்பீக்கரை நிறுத்திப் போனைக் காதோடு வைத்துக்கொண்டார். நான் டீக்கடைப் பக்கம் போய் அவருக்கு முதுகு காட்டி நின்றேன். அந்த எண் என் காதில் விழக் கூடாது. அங்கே நர்ஸ் கூட இருந்து உதவ, புது ரகசிய எண்ணை ஈஸ்வரி தன் விரலாலேயே போட்டுக்கொண்டாள். கார்டு உயிர் பிழைத்தது.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. அவள் கார்டைத் தேய்க்கும்போதெல்லாம் எந்தக் கடை, எவ்வளவு என்று குறுஞ்செய்தி மொக்கராசுவுக்கு வருகிறது. அவரோ வழக்கம்போல ஜீப்பில் சத்தம் போட்டுப் படிக்கிறார். ஈஸ்வரி நேத்து மருந்துக்கடை, ஈஸ்வரி நேத்து ஓட்டலு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வாடிக்கையாளரின் செலவு விவரம் மலைப்பாதை முழுக்க ஒலிபரப்பாகிறது! உடனே ஈஸ்வரியைக் கூப்பிட்டு, அந்தச் செய்திகளை நிறுத்த வழி செய்யட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் மேடம்" என்றாள். "இங்க நான் சாப்ட்டேனான்னு கேக்க ஆளில்ல. அவுகளாவது பாத்துக்கிரட்டும்."

வாடிக்கையாளரின் ரகசியத்தைக் காப்பது நம் கடமை. ஆனால் அந்த ரகசியம் அவருக்குச் சொந்தமானது, அதை யாரோடு பங்கு வைப்பது என்பதும் அவர் இஷ்டம். அந்தச் செய்திகளை அப்படியே விட்டுவிட்டேன். அன்றிலிருந்து யார் வந்தாலும் உங்கள் நம்பர் என்ன என்று மட்டும் கேட்டு நிறுத்துவதில்லை. அந்தப் போன் யார் கையில் இருக்கிறது, நீங்கள் அங்கே இருக்கும்போது அது எங்கே இருக்கும் என்று கேட்பேன். நீங்களும் கேளுங்கள். கேட்காமல் ஒரு கார்டையும் கையில் கொடுக்காதீர்கள்.

அதற்குப் பிறகு நாட்கள் நகர்ந்தன. தங்கவேலுக்குக் குழாய் எடுக்கவில்லை. ஈஸ்வரி ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த ஒரு சின்ன ஓட்டலில்தான் தினமும் காலையில் சாப்பிட்டாள். தினமும் ஒரே தொகை. அந்தத் தொகை ஜீப்பில் வருகிற எல்லாப் பெண்களுக்கும் மனப்பாடம். அது வந்துவிட்டால், "சாப்ட்டுட்டா" என்று சொல்லிக்கொண்டு அவரவர் சோலியைப் பார்ப்பார்கள். அவளது விசாவுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவன் விழுங்க ஆரம்பிக்காவிட்டால் அவனை அங்கேயே விட்டுவிட்டு அவள் மட்டும் திரும்ப வேண்டியதுதான். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில் தோட்டத்தில் இன்னொரு விழிப்புணர்வுக் கூட்டம் வைத்தோம். ஜீப் பழுதாகிக் கிளம்பவே முற்பகல் ஆகிவிட்டதால் கூலி ஆட்களோடு நானும் மொக்கராசுவின் பக்கத்தில் உட்கார்ந்து மலையேறினேன். கொண்டை ஊசி வளைவுகளில் பாதி தாண்டியதும் ஒரு திருப்பத்தில் அவர் போன் கீச்சென்றது. அந்த இடத்தில் மட்டும் சிக்னல் எட்டும். ஜீப்பை ஓரங்கட்டிப் போனை எடுத்தார். பார்த்தார். படிக்கவில்லை.

"என்னண்ணே, சாப்ட்டாளா?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

"அதே ஓட்டலுதான். தொகைதான் இடிக்குது." என்னிடம் போனை நீட்டினார். "டபுளாப் புடிச்சுட்டானா மேடம்? பாவம், ஏமாத்திட்டானுகளா?"

வாங்கிப் பார்த்தேன். ஒரே செய்திதான். சரியாக இரண்டு மடங்கு. சில கடைகளில் அவசரத்தில் அப்படித் தவறு நடப்பதுண்டு. "ஒண்ணும் பயப்பட வேண்டாம், புகார் குடுத்தா திரும்பக் கெடச்சிரும். ரசீத பத்திரமா வச்சுக்கச் சொல்லி..." என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்தினேன். போனை இன்னொரு முறை பார்த்தேன்.

"ஏமாத்தலப்பா" என்றேன். "ரெண்டு பேரு சாப்ட்டுருக்காக."

ஸ்டெப்னி மேல் உட்கார்ந்திருந்த பெண் வாயில் கை வைத்துக் குலவை போட்டாள். அடுத்தவள் போட்டாள். மலைச்சரிவெல்லாம் எதிரொலிக்கப் பெண்கள் எல்லோரும் போட்டார்கள். கீழேயிருந்து ஏறி வந்த ஒரு பஸ் என்னவோ ஏதோ என்று நின்றுவிட்டது. மொக்கராசு ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

பேங்கிலிருந்து வந்த ஒரு குறுஞ்செய்திக்குக் குலவை போட்டதை என் பணிக்காலத்தில் அந்த ஒரு தடவைதான் கேட்டேன். நானும் போட்டேன்.